அம்மாவுக்கு வராத காமாலை

கல்லாற்றைத் தாண்டி 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் பொன்முடி. திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு அது லீவு நாளில் பனிமூட்டம் பார்க்கப் போகிற இடம். எனக்கு அது பிறந்து வளர்ந்த லயம். தேயிலை பறிக்கத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. மேட்டு ஓடையில் கல்லை அண்டைகொடுத்துச் சொருகிய ஓஸ் வழியாகத்தான் வீட்டுக்குத் தண்ணீர் வரும். அதை அப்படியே குடித்தோம். அதே ஓடைக்கு மேலே இருந்த வரிசை வீடுகளுக்குக் கக்கூஸ் கிடையாது.

இப்போது நான் அடிவாரத்தில் பொது சுகாதார நர்ஸ். மேலே போகும்போதெல்லாம் ஒரே பேச்சைக் கேட்கிறேன். "நாங்க ஓடைத் தண்ணி குடிச்சே வளந்தோம், எங்களுக்கு என்ன வந்துச்சு? சுத்தமான தண்ணி குடிச்ச பிள்ளைகதான் காமாலையில படுக்குதுக." சொல்வது என் அம்மாவேதான். அம்மா கண்ணால் கண்டது பொய்யில்லை. அதை வைத்து எடுக்கிற முடிவுதான் தப்பு.

அம்மா சொல்வது போல எங்கள் வீட்டிலேயே ஒன்று நடந்தது. மதினி நெடுமங்காட்டுக்காரி. மூடி போட்ட கிணறு, குளோரின், கொதிக்க வைத்த பதிமுகத் தண்ணீர் என்று வளர்ந்தவள். ஒரு மே மாதம் காய்ச்சல் என்று படுத்தாள். கடுகு தாளிக்கிற வாசனை வந்தாலே ஓங்கரிப்பு. நாலாம் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒண்ணுக்கு கட்டன் சாயா மாதிரி போகுது" என்றாள். ஜன்னல் வெளிச்சத்துக்கு அழைத்துப்போய்க் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளை விழி முழுக்க மஞ்சள். ரத்தத்தில் பிலிருபின் 9; ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது. ஹெபடைடிஸ் ஏ கிருமிக்கான ஐஜிஎம் எதிர்ப்பொருள் பாசிட்டிவ்.

அவளுடைய நாலு வயது மகளுக்கும் சேர்த்துப் பார்த்தோம். அவளுக்கும் பாசிட்டிவ். இரண்டு நாள் சோறு இறங்காமல் இருந்தாள், அவ்வளவுதான்; அதற்குள் முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தாள்.

இந்தக் கிருமியின் குணமே இதுதான். ஆறு வயதுக்குள் வந்தால் பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் கண் மஞ்சளாகும். மற்றவர்களுக்கு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஆனால் ஆயுளுக்கும் எதிர்ப்பு நின்றுவிடும். பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் படுக்கையில் தள்ளிவிடும். அம்மாவும் அண்ணனும் நானும் ஓடைத் தண்ணீரில் சின்ன வயதிலேயே இதை வாங்கிக் கழித்திருப்போம். அதே ஓடை டைபாய்டையும் வயிற்றுப்போக்கையும் கொண்டுவந்தது. அதில் போன குழந்தைகளை இன்று யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. தப்பிப் பிழைத்தவர்கள்தானே உட்கார்ந்து பேசுகிறார்கள்.

கேரளத்தில் இப்போது பெரியவர்கள் அதிகம் படுப்பதற்கு இதுவே காரணம். சுகாதாரம் மேம்பட்டதால் எதிர்ப்பில்லாமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. தண்ணீர் எங்காவது ஒருமுறை கெட்டால் ஊரே சேர்ந்து விழுகிறது. எர்ணாகுளம் மாவட்டத்து வேங்ஙூர் பஞ்சாயத்தில் 2024 ஏப்ரல், மே மாதங்களில் இப்படித்தான் 200 பேருக்கு மேல் படுத்தார்கள், சாவும் நடந்தது. குழாயில் வந்த தண்ணீர் மேலேயே சந்தேகம் விழுந்தது.

மதினிக்கு எங்கிருந்து வந்தது? கிருமி உள்ளே போய் நோய் தெரிய 15 முதல் 50 நாள் ஆகும். பெரும்பாலும் 28 நாளை ஒட்டி. காலண்டரில் பின்னோக்கி எண்ணினேன். தாயும் மகளும் சேர்ந்து போன ஒரு கல்யாணத்தில் விரல் நின்றது. அங்கே ஐஸ் போட்ட ஜூஸ். பந்தியில் ஆவி பறக்கும் சுக்குத் தண்ணீர். குடிக்கச் சூடு தாங்கவில்லை என்று விளம்புகிறவர் பச்சைத் தண்ணீரை ஒரு சொம்பு ஊற்றிக் கலக்கியதை மதினியே பார்த்திருக்கிறாள். கொதிக்க வைத்த கேஸ் செலவு வீண், அந்த ஒரு சொம்பால். எங்கள் பக்கத்தில் நான் அதிகம் பயப்படுவது இந்தப் பழக்கத்துக்குத்தான். 85 டிகிரி சூட்டில் ஒரு நிமிஷத்தில் சாகிற கிருமி, கலக்கிய தண்ணீரில் சௌக்கியமாக இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. கண் மஞ்சளாவதற்கு முந்தின இரண்டு வாரம்தான் மலத்தில் கிருமி அதிகம் போகிறது. அந்த இரண்டு வாரமும் மதினிதான் வீட்டுக்குச் சமைத்தாள். சோப்பு போட்டுக் கை கழுவுவதை நோயாளிக்கு மட்டும் சொல்லிப் பயனில்லை என்பது இதனால்தான்.

மதினியின் அம்மா கீழாநெல்லியோடு வந்து இறங்கினார்; உப்பில்லை, எண்ணெயில்லை என்று பத்தியம் வேறு. கீழாநெல்லியை வைத்துச் சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழு 1988-இல் வெளியிட்ட ஆய்வு ஹெபடைடிஸ் பி பற்றியது. பின்னால் வந்த ஆய்வுகள் அந்தப் பலனை உறுதி செய்யவுமில்லை. ஏ வகைக்குக் கிருமியைக் கொல்லும் மருந்து கிடையாது. ஓய்வும், நீராகாரமும், இறங்குகிற சாப்பாடும் போதும். ஈரல் தானே தேறும். பி போல இது நாள்பட்டுத் தங்காது. "பட்டினி போடாதீங்க அத்தை, கஞ்சியில உப்பு போட்டே குடுங்க" என்று கெஞ்சினேன். நான் கவனித்தது வேறு: பேச்சு குழறுகிறதா, பகலெல்லாம் தூங்கி வழிகிறாளா, ஈறில் ரத்தம் கசிகிறதா? இதில் ஒன்று தெரிந்தாலும் அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஈரல் செயலிழப்பது அபூர்வம். வயது கூடினாலோ, ஈரல் முன்பே கெட்டிருந்தாலோ ஆபத்து கூடும். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் மதினி தானாகவே கருவாடு கேட்டாள். அன்றுதான் அண்ணன் சிரித்தான்.

தடுப்பூசி இருக்கிறது, ஒரு வயது முடிந்ததும் போடலாம். அரசின் இலவசப் பட்டியலில் இல்லாததால் தேயிலைக் கூலியில் அது எட்டுவதில்லை. இது எனக்கு ஆறாத வருத்தம்.

போன மாதம் லயத்தில் ஒரு சடங்கு. அடுப்பிலிருந்து சுக்குத் தண்ணீர் அண்டாவை இறக்கினார்கள். பழக்க தோஷத்தில் அம்மாதான் பக்கத்துக் குடத்தைத் தூக்கினாள். அருகில் நின்ற மதினி, "அத்தை, கலக்காதீங்க" என்று கையைப் பிடித்தாள். அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, ஆறட்டும் என்று அண்டாவின் மூடியைத் தேடப் போனாள்.