வீட்டுத்தொட்டியில் திருநீற்றுப்பச்சை வளர்க்கும் முறை

தமிழ்நாட்டுக் கிராமங்களில் அநேக வீடுகளின் முற்றத்தில் துளசிச் செடி ஒன்றாவது இருக்கக் காணலாம். துளசிக்கு நெருங்கிய உறவுடைய திருநீற்றுப்பச்சையோ அத்தனை வீடுகளில் காணப்படுவதில்லை. கோடைக்காலத்தில் சர்பத்திலும் பாலிலும் இட்டுப் பருகுவதற்காகக் கடையில் காசு கொடுத்து வாங்கும் சப்ஜா விதை, இச்செடியின் விதையே ஆகும். ஒரு சாண் அகலமுள்ள தொட்டியும், நாள்தோறும் சில மணி நேர வெயிலும் இருந்தால் போதும். தழை, விதை, மணம் ஆகிய மூன்றையும் வீட்டிலேயே பெறலாம்.

இதனை விதைத்துப் பார்த்தவர்களிலும் பலர், இரண்டு மூன்று மாதங்களில் செடி காய்ந்துபோயிற்று என்று கைவிட்டுவிடுவதுண்டு. பெரும்பாலும் அதற்குக் காரணம் செடியின் குற்றமன்று. நீர் வடியாத தொட்டி, காலத்தில் கிள்ளாமை, பூவை முற்றவிடுதல் ஆகிய மூன்றுமே அதற்குக் காரணம். இம்மூன்றையும் தவிர்க்கும் வழியும், தொட்டிச் செடியால் வீட்டாருக்குத் தீங்கு நேராமல் காக்கும் வழியும் கீழே கூறப்படும்.

செடியின் இயல்பு

இச்செடி திருநீற்றுப்பச்சிலை, உருத்திரச்சடை என்னும் பெயர்களாலும் வழங்கும். தாவர நூலார் இதற்கு ஆசிமம் பசிலிக்கம் என்று பெயரிட்டுள்ளனர். புதினா, தும்பை முதலியவை அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்ததாகையால், இதன் தண்டு நாற்சதுரமாயிருக்கும். இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். துளசியின் தண்டிலும் இலையிலும் மெல்லிய மயிர் காணப்படும். திருநீற்றுப்பச்சையின் இலையோ வழவழப்பாகவும் சற்று அகன்றும் இருக்கும். துளசி கட்டைபாய்ந்து சில ஆண்டுகள் நிற்கும். திருநீற்றுப்பச்சை பெரும்பாலும் ஓர் ஆண்டுக்குள் பூத்துக் காய்த்து ஓய்ந்துவிடும். ஆகையால் ஒரு முறை நட்டதோடு நில்லாமல், பழைய செடி ஓய்வதற்கு முன்னரே புதிய செடியை ஆயத்தம் செய்துகொள்ளுதல் அவசியம்.

குளிரை இச்செடி தாங்காது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் இலைகள் கருகிப்போகும். ஆதலால் நீலகிரி போன்ற மலைப்பகுதிகளில் உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் இதனை வெளியில் வைத்தல் ஆகாது. சமவெளியில் இத்தொல்லை இல்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையில் இளநாற்று அழுகிவிடும். தை பிற்பாதி முதல் மாசி முடியவும், மறுபடி ஆடி மாதத்திலும் விதைத்தல் நலம்.

தொட்டியும் மண்ணும்

தொட்டி ஒரு சாணுக்குக் குறையாத அகலமும் ஆழமும் உடையதாயிருக்க வேண்டும். சுடுமண் தொட்டி மிகவும் ஏற்றது. அதன் பக்கங்கள் வழியாக ஈரம் கசிந்து ஆவியாவதால் வேர் குளிர்ச்சியாயிருக்கும். எவ்வகைத் தொட்டியாயினும் அடியில் துளை இருந்தே தீரவேண்டும். துளையின்மேல் ஓட்டாஞ்சில்லு ஒன்றைக் கவிழ்த்து வைத்தால், மண் வெளியேறாது. நீர் தடையின்றி வடியும்.

பூச்சிமருந்து வந்த டப்பாக்களையும் வாளிகளையும் கழுவிவிட்டுத் தொட்டியாக உபயோகிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. இது மிகவும் அபாயகரமானது. எத்தனை முறை கழுவினாலும் நஞ்சு முற்றும் நீங்கிவிட்டதென்று சொல்ல முடியாது; அதில் வளர்ந்த இலையையே குழந்தைகள் கிள்ளி வாயிலிடுவர். காலியான மருந்துக் கலங்களை மீண்டும் உபயோகிக்க இயலாதவாறு உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைத்துவிட வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டின் பூச்சிமருந்து விதிகளே கூறுகின்றன.

செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு ஆகியவற்றைக் கலந்து, தொட்டியின் விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே நிற்குமாறு நிரப்ப வேண்டும். மக்காத சாணத்தை இடலாகாது; அது வேரைச் சுடுவதோடு புழுவையும் வரவழைக்கும். வெறும் களிமண்ணும் உதவாது.

விதைப்பு

கடையில் வாங்கிய சப்ஜா விதையையே விதைக்கலாம். ஆனால் அது எத்தனை காலம் கடையில் கிடந்தது என்பது தெரியாதாகையால், முதலில் சோதித்துப் பார்த்தல் நலம். இருபது விதைகளை எண்ணி ஈரத்துணியில் பரப்பி, துணி உலராமல் ஒரு வாரம் வைத்திருக்க வேண்டும். பதினான்குக்கு மேல் முளைத்தால் நல்ல விதை. பத்துக்கும் குறைந்தால் வேறு விதை தேடுவதே மேல்.

விதை மிகவும் சிறியது. ஆகையால் நாலைந்து பங்கு உலர்ந்த மணலுடன் கலந்து தூவி, மேலே மெல்லியதாக மண் தூவினால் போதும். ஆழப் புதைந்த விதை முளைக்காது. நீர் பட்டவுடன் விதையைச் சுற்றி வழுவழுப்பான பசை உண்டாகும். அந்நிலையில் குடத்தால் நீர் ஊற்றினால் விதைகள் யாவும் ஒரு மூலையில் திரண்டுவிடும். ஆதலால் பூவாளியால் மென்மையாகத் தெளித்தல் வேண்டும். ஐந்து முதல் பத்து நாட்களில் முளை தோன்றும்.

நாற்றில் நாலு முதல் ஆறு இலைகள் வந்தபின் பிடுங்கி, தொட்டிக்கு ஒரு செடியாக நடலாம். தோட்டத்தில் நடுவோர் செடிக்குச் செடி ஓர் அடி இடைவெளி விடவேண்டும். மாலை நேரத்தில் நட்டு, இரண்டு மூன்று நாட்கள் நிழல் கொடுத்தால் வாடாது.

விதையின்றியும் செடி பெருக்கலாம். பூக்காத கிளையில் நாலங்குல நீளம் வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, ஒரு குவளை நீரில் நிறுத்தினால் ஒன்றிரண்டு வாரங்களில் வேர்விடும். நீரை இரண்டு நாளுக்கொருமுறை மாற்றிவர வேண்டும்.

நீரும் உரமும்

விரலை மண்ணுள் ஓரங்குலம் நுழைத்துப் பார்த்து, ஈரம் தட்டாவிட்டால் மாத்திரம் நீர் விடவேண்டும். இடையறாது சேறாக இருக்கும் தொட்டியில் வேர் அழுகும். நீர் போதாமையால் வாடியதாக எண்ணி மேலும் நீர் ஊற்றுவோர் செடியை விரைவில் இழப்பர். நீரைக் காலையில், இலைமீது படாமல் மண்ணில் விடுதல் சிறந்தது. அக்கினி நட்சத்திர நாட்களில் பிற்பகல் வெயில் படாத இடத்திற்குத் தொட்டியை மாற்றிவிடலாம். மாதத்திற்கொருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதுமானது. யூரியாவை மிகுதியாக இட்டால் தழை கொழுக்கும். நோய் எளிதில் பற்றும்.

கிள்ளுதல்

இச்செடி வளர்ப்பின் உயிர்நாடி இதுவே. செடியில் நாலு சோடி இலைகள் வந்தவுடன், கீழிருந்து இரண்டாவது சோடிக்குச் சற்று மேலே நுனியைக் கிள்ளிவிட வேண்டும். அவ்விலைக் கக்கங்களிலிருந்து கிளைகள் தோன்றும். அவற்றையும் அவ்வாறே கிள்ளிவந்தால், ஒற்றைக் குச்சியாக ஓடும் செடி குத்தாக அடர்ந்து வளரும். ஒரே தடவையில் செடியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டலாகாது.

பூங்கதிர் தோன்றியபின் தழை விடுவது குறையும், தண்டு கட்டைபாயும். ஆகையால் தழைக்காக வளர்க்கும் செடியில் கதிர் தலைகாட்டியவுடன் கிள்ளியெறிதல் வேண்டும். விதைக்கென்று ஒரு செடியைத் தனியே விட்டு வைக்கலாம். அதன் பூவைத் தேடித் தேனீக்கள் மிகுதியாக வரும்; அருகில் பூசணி, பாகல், புடல் முதலிய கொடிகள் இருப்பின் அவற்றின் மகரந்தச் சேர்க்கைக்கும் உதவும். கதிர் பழுப்பு நிறமடைந்தவுடன் வெட்டி, துணியில் பரப்பி நிழலில் உலர்த்தி, கையால் கசக்கிப் புடைத்து, விதையை ஈரமற்ற கண்ணாடிப் புட்டியில் சேமிக்கலாம்.

பூச்சியும் நோயும்

அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி ஆகியவை இலையின் அடிப்புறத்தில் தங்கிச் சாற்றை உறிஞ்சும். வலை பின்னியதுபோன்ற இறக்கையுடைய சிறு பூச்சி ஒன்று துளசியினச் செடிகளைத் தாக்கி, இலையைச் சுருண்டு உலரச் செய்வதுண்டு. தொட்டிச் செடியாகையால், தாக்கிய கிளையை வெட்டி எரித்து, இலையின் அடிப்புறம் நீரைப் பீய்ச்சிக் கழுவினாலே பெரும்பாலும் அடங்கும். அடங்காவிடில், 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடித்த சாற்றைத் தெளிக்கலாம். பருத்திக்கும் நெல்லுக்கும் அடித்து மிஞ்சிய மருந்தை இச்செடிக்கு அடித்தல் ஒருக்காலும் கூடாது. இதன் இலை பச்சையாக உண்ணப்படுவது.

இலையின் மேற்புறம் நரம்புகளுக்கிடையே மஞ்சளாகி, அடிப்புறம் சாம்பல் நிறத் துகள் படிந்தால் அது அடிச்சாம்பல் நோயாகும். இந்நோய் சுவிட்சர்லாந்தில் 2001-லும், அமெரிக்காவின் புளோரிடாவில் 2007-லும் கண்டறியப்பட்டு, பல நாடுகளில் இப்பயிருக்குப் பெருஞ்சேதம் விளைத்தது. இது விதை வழியாகவும் பரவக்கூடியது. எனவே நோயுற்ற செடியிலிருந்து விதை எடுத்தல் தகாது. இலை இரவு முழுதும் நனைந்திராமலும், செடிகள் நெருங்கி நில்லாமலும் பார்த்துக்கொள்வதே தக்க காவல்.

உபயோகம்

ஒரு குவளை நீருக்கு ஒரு தேக்கரண்டி சப்ஜா விதையை இட்டுக் கால்மணி நேரம் ஊறவைத்தால் நன்கு பருத்துவிடும். ஊறாத விதையைக் குழந்தைகளுக்குக் கொடுத்தால் தொண்டையில் பருத்து அடைத்துக்கொள்ள ஏதுவாகும். ஆகையால் ஊறவைத்தே கொடுக்க வேண்டும். இத்தாலியிலும் தாய்லாந்திலும் இதன் தழை அன்றாடச் சமையலில் சேர்கின்றது. இத்தாலியின் ஜெனோவாப் பகுதித் தழைக்கு 2005-இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் பாதுகாப்பும் வழங்கியது. பறித்த தழையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கறுத்துவிடும். காம்போடு ஒரு குவளை நீரில் நிறுத்தி வெளியே வைத்தலே நன்று.

இதன் எண்ணெய்க்காக நிலத்தில் பயிரிட விரும்புவோருக்கு, லக்னோவிலுள்ள நடுவண் மருத்துவ நறுமணத் தாவர நிறுவனம் சிம் சௌமியா என்னும் இரகத்தை வெளியிட்டுள்ளது. ஆயினும் அறுத்த தழை விரைவில் வாடக்கூடியது. அருகில் வாலைவடிக்கும் வசதியும், வாங்குவோரும் இருப்பதை உறுதி செய்துகொள்ளாமல் ஏக்கர் கணக்கில் விதைத்தவர் நஷ்டப்பட நேரும். முதலில் ஒரு சென்டு நிலத்தில் சோதித்துப் பார்த்தல் அறிவுடைமை.

கிராம அலுவலர் கவனத்திற்கு

இச்செடி இருந்தால் கொசு அணுகாது என்பது பலருடைய நம்பிக்கை. வடித்தெடுத்த எண்ணெய்க்குக் கொசுவை விரட்டும் தன்மை உண்டெனினும், தொட்டியில் நிற்கும் செடியை மாத்திரம் நம்பிக் கொசுவலையைக் கைவிடுதல் தகாது. தொட்டியின் அடியில் வைத்த தட்டில் நீர் தேங்கினால், டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதிலேயே பெருகும். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாட்கள் போதும். முட்டையோ நீர் வற்றிய தட்டிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஆதலால் வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இயலாவிடில் தட்டையே எடுத்துவிடலாம். ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் பள்ளி, அலுவலகம் முதலிய இடங்களிலுள்ள தொட்டிகளில் இதனை முதலில் நடத்திக் காட்டினால், வீட்டாரும் பின்பற்றுவர். கிள்ளும் நாளையும் தட்டுக் கழுவும் நாளையும் வாரத்தில் ஒன்றாகவே வைத்துக்கொண்டால் இரண்டும் மறவாமல் நடைபெறும்.