போதும் என்று சொல்வது யார்?

சாப்பாட்டுத் தட்டில் வந்து உட்காரும் ஈ, உட்காரும்போதே ருசி பார்த்துவிடுகிறது. அதற்கு நாக்கு காலில்.

அமெரிக்க உயிரியலாளர் வின்சென்ட் டெதியர் இதைப் பல்லாண்டு ஆராய்ந்தவர். குச்சி நுனியில் மெழுகு வைத்து ஓர் ஈயை ஒட்டுவார். தாகம் தீரும்வரை தண்ணீர் கொடுத்துவிட்டு, காலை மட்டும் சர்க்கரைக் கரைசலில் நனைப்பார். பாதத்து முடிகளில் இனிப்பு பட்டதும், மடித்து வைத்திருந்த உறிஞ்சுகுழல் தானாக நீளும். வெறும் தண்ணீரில் நனைத்தால் நீளாது. தொடங்குவது இப்படி என்றால், நிறுத்துவது எப்படி? ஈயின் முன்குடல் விரிந்ததும் ஒரு மெல்லிய நரம்பு மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. 1950களில் டெதியரும் சக ஆய்வாளரும் அந்த நரம்பை வெட்டிப் பார்த்தார்கள். ஈ நிறுத்தவே இல்லை. வயிறு பலூனாக உப்பியும் உறிஞ்சிக்கொண்டே இருந்தது.

ஈக்கு ஒரு நரம்பு. மனிதனுக்கு?

வயிறுதான் என்பது யாருக்கும் தோன்றும் பதில். ஹார்வர்டில் உடலியங்கியலாளர் வால்டர் கேனனுக்கும் அப்படித்தான் தோன்றியது. அவருடைய மாணவர் வாஷ்பர்ன் ரப்பர் குழாயோடு ஒரு பலூனை விழுங்கப் பழகிக்கொண்டார். வயிற்றுக்குள் பலூனை ஊதிவிட்டு, பசி கிள்ளும்போதெல்லாம் ஒரு விசையை அழுத்துவார். வயிறு சுருங்குவதும் விசை அழுத்தப்படுவதும் ஒத்துப்போயின. 1912இல் இது வெளியானதும் பசியின் இருப்பிடம் தெரிந்துவிட்டதாகவே பலர் நினைத்தார்கள். ஆனால் வயிற்றையே முழுதாக அகற்றிய நோயாளிக்கும் பசிக்கிறது என்று 1931இல் தெரியவந்தது.

கவனம் மூளைக்குத் திரும்பியது. லாகூரில் பிறந்து, பின்னாளில் டெல்லி எய்ம்ஸில் உடலியங்கியல் துறையைக் கட்டியெழுப்பிய பால் கிருஷ்ண ஆனந்த், அப்போது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் புரோபெக்குடன் பணியாற்றினார். மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலாமஸ் என்று ஒரு சிறு பகுதி உண்டு. அதன் பக்கவாட்டில், இரு புறமும் கடுகளவு இடத்தைச் சேதப்படுத்தியதும் எலிகள் தின்பதையே விட்டுவிட்டன. உணவு முன்னால் கிடக்க, பட்டினியில் செத்தன. அதே ஹைபோதலாமஸின் நடுப்பகுதி சேதமானால் எலிகள் தின்று தின்று கொழுக்கும் என்பது முன்பே தெரிந்திருந்தது. பக்கவாட்டுப் பகுதி ‘தின்னு’ என்கிறது, நடுப்பகுதி ‘நிறுத்து’ என்கிறது என்ற படம் 1951இல் உருவானது. அதுவும் முழு உண்மையாக இல்லை. குழாய் வழியே உணவூட்டி உயிரோடு வைத்திருந்தால், அந்த எலிகள் மெல்ல மெல்லத் தாமாகவே தின்னத் தொடங்கியதைச் சில ஆண்டுகளில் வேறு ஆய்வாளர்கள் கண்டார்கள்.

அடுத்த தடயம் வேறு எலிகளிடம் கிடைத்தது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பார் ஹார்பர் ஊரில் ஜாக்சன் ஆய்வகம் இருக்கிறது. 1949இல் அங்கே வளர்ந்த எலிக்குஞ்சுகளில் சில பந்துபோல் உருண்டு, சாதாரண எலியைவிட மூன்று மடங்கு வரை எடை போட்டன. 1966இல் அங்கேயே இன்னொரு வகைக் குண்டு எலியும் கிடைத்தது. இதற்குக் கடுமையான சர்க்கரை நோயும் இருந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

அந்த ஆய்வகத்தின் டக்ளஸ் கோல்மன் இந்த எலிகளை இரண்டிரண்டாக, பக்கவாட்டில் தோலோடு தோல் சேர்த்துத் தைத்தார். ஒன்றின் ரத்தம் மற்றொன்றுக்குள் ஓட வழி பிறந்தது. இரண்டாம் வகைக் குண்டு எலியோடு சாதாரண எலியைச் சேர்த்தபோது, சாதாரண எலி தின்பதை நிறுத்திப் பட்டினியில் செத்தது. முதல் வகையைச் சாதாரண எலியோடு சேர்த்தால், குண்டு எலி குறைவாகத் தின்று இளைத்தது. குண்டு எலிகள் இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்தால், முதல் வகை பட்டினி கிடந்தது. இரண்டாம் வகை கொழுத்துக்கொண்டே போனது. கோல்மன் கணக்குப் போட்டார்: ரத்தத்தில் ‘போதும்’ என்று சொல்லும் ஏதோ ஒன்று ஓடுகிறது. முதல் வகைக்கு அதைச் சுரக்கத் தெரியவில்லை. இரண்டாம் வகைக்கு அது நிறையச் சுரந்தும் காதில் விழவில்லை.

அந்த ஏதோ ஒன்றைப் பிடிக்க இருபதாண்டுக்கு மேல் ஆனது. 1994இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு அதற்கான மரபணுவைக் கண்டறிந்தது. லெப்டின் என்று பெயரிடப்பட்ட அந்த ஹார்மோனைச் சுரப்பது வயிறோ மூளையோ அல்ல, உடம்புக் கொழுப்பு. பிறவியிலேயே லெப்டின் இல்லாத குழந்தைகளை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் 1997இல் அடையாளம் கண்டார்கள். எவ்வளவு தின்றாலும் பசி அடங்காத அவர்களில் ஒரு சிறுமிக்கு எட்டு வயதில் 86 கிலோ எடை. லெப்டின் ஊசி போட்டதும் பசி தணிந்தது. ஓராண்டில் 16 கிலோ இறங்கினாள். எல்லோருக்கும் இது பலிக்கும் என்ற ஆசை மட்டும் நிறைவேறவில்லை. பருமனான பெரும்பாலோரின் ரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே ஏராளமாக இருக்கிறது. கோல்மனின் இரண்டாம் வகை எலியைப்போல, கேட்பதில்தான் சிக்கல்.

ஹார்மோனையும் நரம்பையும் தாண்டி ஞாபகமும் இதில் சேர்கிறது. மூளைக் காயத்தால் புதிதாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாத இரண்டு பேருக்கு உளவியலாளர் பால் ரோஸினின் குழு மதிய உணவு கொடுத்தது. அரை மணி நேரத்துக்குள் இன்னொரு மதிய உணவை எதிரில் வைத்தார்கள். இருவரும் அதையும் சாப்பிட்டார்கள். மூன்றாவதிலும் பெரும்பாலும் கைவைத்தார்கள். ஞாபகம் உள்ளவர்கள் இரண்டாவதையே மறுத்துவிட்டார்கள். 1998இல் வந்த ஆய்வு இது.

உணவும் சும்மா இருப்பதில்லை. 2019இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அப்போது அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்த கெவின் ஹால், 20 பேரை ஒரு மாதம் ஆய்வு மருத்துவமனையிலேயே தங்க வைத்தார். இரண்டு வாரம் ஆலையில் மிகுதியாகப் பதப்படுத்தியவை: காலையில் கிரீம் சீஸ் தடவிய பேகல் ரொட்டி போன்றவை. மற்ற இரண்டு வாரம் அப்படிப் பதப்படுத்தாதவை: வாழைப்பழமும் வால்நட்டும் சேர்த்த ஓட்ஸ் கஞ்சி போன்றவை. தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு எல்லாம் இரண்டிலும் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். ருசியில் பெரிய வித்தியாசமில்லை என்றே அவர்கள் மதிப்பெண் போட்டார்கள். ஆனால் பதப்படுத்தியதை வேகமாகத் தின்றார்கள். நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகத் தின்றார்கள்.

அந்தக் கூடுதல் முழுக்க மாவுச்சத்தும் கொழுப்பும்தான். புரதம் மட்டும் இரண்டு உணவிலும் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றது. வெட்டுக்கிளிகளிடம் ஸ்டீபன் சிம்ப்சனும் டேவிட் ராபன்ஹைமரும் முன்பே கண்ட சங்கதி இது. புரதம் குறைந்த தீனி போட்டால், தேவையான புரதம் சேரும்வரை அவை தின்றுகொண்டே இருந்தன. மனிதனிடமும் அந்தக் கணக்கே ஓடுகிறதா, வேகமாக விழுங்க முடிவதே காரணமா என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.