தசமபாகம்

தசமபாகம் என்பது ஒருவர் தம் விளைச்சலில் அல்லது வருவாயில் பத்தில் ஒரு பங்கை இறைவனுக்கென்று பிரித்துக் கொடுக்கும் வழக்கம் ஆகும். கத்தோலிக்கர் இதனைப் பத்திலொரு பங்கு என்பர். யூத மரபிலிருந்து கிறித்தவத்துக்கு வந்த இவ்வழக்கம், தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பல திருச்சபைகளில், குறிப்பாகப் பெந்தெகொஸ்தே சபைகளில், இன்றும் வலியுறுத்தப்படுகிறது. கத்தோலிக்கத் திருச்சபையோ பத்து விழுக்காடு என்று வரையறுக்காமல், இயன்ற அளவு உதவுவதைக் கடமையாகக் கூறுகிறது.

விவிலியத்தில்

ஆபிரகாம் போரில் கிடைத்த பொருள்களில் பத்தில் ஒன்றை மெல்கிசெதேக்கு என்னும் குருவுக்குக் கொடுத்ததாகத் தொடக்கநூல் கூறுகிறது. அப்போது அதற்கெனச் சட்டம் எதுவும் இருக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. பின்னர் மோசேயின் சட்டம் இதனை ஒழுங்குபடுத்தியது. நிலம் பெறாத லேவியர் குலத்துக்கு இப்பங்கு வாழ்வாதாரமாயிற்று; அவர்களும் தாம் பெற்றதில் பத்தில் ஒன்றைக் குருக்களுக்குக் கொடுத்தனர்.

இணைச்சட்ட நூலில் வரும் விதிகள் பலரும் அறியாதவை. அதன்படி இப்பங்கைக் கொண்டுசென்று, குடும்பத்தோடும் லேவியரோடும் இறைவன் முன் உண்டு மகிழ வேண்டும். வழி தொலைவாயின் விளைபொருளை விற்றுக் காசாக்கி, அங்கே சென்று விரும்பியதை வாங்கிக்கொள்ளலாம். மூன்றாம் ஆண்டு தோறும் அப்பங்கு ஊரிலேயே சேர்க்கப்பட்டு, அந்நியர், அநாதைகள், கைம்பெண்கள், லேவியர் ஆகியோருக்கு உணவானது. முதற்பலனைக் கூடையில் படைப்பவர், எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து தம் முன்னோர் மீட்கப்பட்ட வரலாற்றைச் சொல்லியே படைக்க வேண்டும். கொடைக்கான காரணத்தை வாயால் சொல்ல வைத்த விதி இது.

இயேசு, புதினா, சீரகம் முதலியவற்றிலும் பத்தில் ஒன்றைக் கணக்கிட்டுவிட்டு நீதியையும் இரக்கத்தையும் கைவிட்டோரைக் கண்டித்தார். இரண்டு காசு போட்ட ஏழைக் கைம்பெண்ணையே பாராட்டினார். பவுல் எருசலேமின் வறியோருக்காக நிதி திரட்டியபோது விழுக்காடு எதையும் குறிப்பிடவில்லை. வாரத்தின் முதல் நாளில் அவரவர் வருவாய்க்கேற்ப எடுத்துவைக்கவும், மனத்தில் தீர்மானித்தபடி வருத்தமின்றிக் கொடுக்கவும் எழுதினார்.

வரியாக மாறுதல்

779 இல் மன்னர் சார்லமேன் தம் ஆட்சிப்பகுதியில் தசமபாகத்தைச் சட்டக் கடமையாக்கினார். ஐரோப்பிய உழவர் கதிர், வைக்கோல், ஆட்டுக்குட்டி வரை பத்தில் ஒன்றை அளந்து கொடுத்தனர். அயர்லாந்தில் கத்தோலிக்க உழவரும் ஆங்கிலிக்கன் திருச்சபைக்குச் செலுத்த வேண்டியிருந்தது. 1830களில் இது குருதி சிந்திய மோதலாக முற்றியது. பிரான்சு 1789 இல் தசமபாகத்தை ஒழித்தது. இங்கிலாந்தில் 1836 இல் அது பணக் கட்டணமாக்கப்பட்டு, 1936 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அக்கட்டணமும் நீக்கப்பட்டது.

சட்டக் கட்டாயம் போன பின்னும் வேறு வகை நெருக்குதல் உண்டு. மலாக்கி நூலின் மூன்றாம் அதிகாரத்தைக் காட்டி, கொடுத்தால் பன்மடங்கு திரும்பும் என்று சில போதகர்கள் கூறுகின்றனர். இது காணிக்கையை முதலீடாக்கிவிடுகிறது; கடன்பட்ட குடும்பங்களே இதனால் பெரிதும் பாதிக்கப்படுகின்றன. அந்நூல் கண்டிப்பது, பங்கைக் கொடாததை மட்டுமன்று. கூலிக்காரரையும் கைம்பெண்களையும் ஒடுக்குவதையும் அதே அதிகாரம் கண்டிக்கிறது.

பிடி அரிசியும் அறுப்பின் பண்டிகையும்

பணப்புழக்கம் குறைந்த இடங்களில் கொடை வேறு வடிவம் பெற்றது. மிசோரத்தில் பிரெசுபிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 இல் பிடி அரிசிக் காணிக்கையைத் தொடங்கினர். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசி தனியே எடுத்துவைக்கப்படும். பின்னர் அது வீடுவீடாகச் சேகரிக்கப்பட்டு, விற்ற பணம் சபைப் பணிகளுக்குச் செல்லும். நூறாண்டுக்குப் பின்னும் இது தொடர்கிறது. வருமானம் கணவர் கையில் இருந்தாலும் அரிசிப் பானை பெண்கள் கையில் இருந்தது என்பதே இதன் வலிமை.

திருநெல்வேலிப் பகுதிச் சபைகளில் அறுப்பின் பண்டிகையன்று வாழைத்தார், தேங்காய், கோழி, முட்டை முதலியவை ஆலயத்தில் படைக்கப்பட்டு, ஆராதனைக்குப் பின் ஏலம் விடப்படும். சந்தை விலைக்குப் பல மடங்கு கொடுத்து ஒரு தேங்காயை எடுப்பவரும் உண்டு.