அமுக்காமலே அடிக்கும் பெல்

பிள்ளைகளே, போன ஒக்டோபர் மழையில் கட்டுகஸ்தோட்டையிலுள்ள எங்கள் வீட்டு பெல் தானாக அடிக்கத் தொடங்கியது. கதவைத் திறந்தால் வாசலில் யாருமில்லை. சுவிட்ச் நனைந்துவிட்டது என்று நினைத்த அம்மம்மா, அதன்மேல் ஒரு ஷொப்பிங் பேக்கைச் சுற்றி நூலால் கட்டினார். அப்படியும் அடித்தது! பார்த்தால், சுவருக்குள் போகும் வயரில் தோல் உரிந்து இரண்டு கம்பிகளும் ஒட்டிக்கொண்டிருந்தன.

நம் உடலுக்குள்ளும் இப்படியொரு பெல் இருக்கிறது. நம் பெருங்குடலின் உட்படை ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் புதிதாகிவிடும். அதற்கு அங்குள்ள கலங்கள் பெருக வேண்டும். 'பெருகு' என்று சொல்லும் பெல் சுவிட்ச், கலத்தின் வெளிப்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஈஜிஎஃப்ஆர் என்ற புரதம். செய்தியை உள்ளே கொண்டுபோகும் வயர், கேராஸ் என்ற இன்னொரு புரதம். பெல் ஓயாமல் அடித்தால் கலங்களும் ஓயாமல் பெருகும். பெருங்குடல் புற்றுநோயில் நடப்பவற்றுள் இதுவும் ஒன்று.

அந்தச் சுவிட்சை மட்டும் தேடிப்போய் மூடும் மருந்து செட்டுக்சிமாப். 2004இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கு அதைக் கொடுக்க அனுமதி கிடைத்தது. சிலருக்குக் கட்டி சுருங்கியது. பலருக்கு அசையவே இல்லை. காரணம் சில வருடங்களில் தெளிவானது: நோயாளர் 10 பேரில் ஏறத்தாழ 4 பேருக்கு வயரே பழுது. சுவிட்சை மூடி என்ன பயன்? பக்கவிளைவாக முகத்தில் பருக்கள் வந்ததுதான் மிச்சம்.

மாத்தளையிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும்கூட நோயாளர்கள் கண்டி தேசிய வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்கு வருகிறார்கள். நோயின் பெயர் ஒன்றாக இருக்கலாம். பழுது ஆளுக்கு ஆள் வேறு. அதனால் கட்டியில் ஒரு சிறு துண்டை எடுத்து, கேராசின் பரம்பரையலகைப் பார்த்த பிறகே இந்த மருந்தைத் தீர்மானிக்க வேண்டும். கட்டியிடமே கேட்டுவிட்டு மருந்து கொடுக்கும் இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது.

சரி, வயரையே திருத்த முடியாதா? கேராஸ், ஏறத்தாழ 190 மணிகள் கோத்த மாலை போன்றது. ஒவ்வொரு மணியும் ஓர் அமினோ அமிலம். 12ஆவது இடத்தில் கிளைசின் இருக்க வேண்டும். சிலருடைய கட்டியில் அங்கே சிஸ்டைன் வந்து உட்கார்ந்துவிடுகிறது. மருந்து பற்றிக்கொள்ள இடமே இல்லாத வழுவழுப்பான புரதம் என்று விஞ்ஞானிகள் பல வருடங்கள் கேராசைக் கைவிட்டிருந்தார்கள். கடைசியில் அந்தத் தவறான சிஸ்டைனே கொக்கியாகியது! அடாக்ரசிப் என்ற மாத்திரை அதில் மாட்டிக்கொண்டு விடுவதில்லை. 2024இல் அமெரிக்காவில் செட்டுக்சிமாப்போடு சேர்த்துக் கொடுக்க அனுமதித்தார்கள்: ஒன்று சுவிட்சுக்கு, ஒன்று வயருக்கு.

சிஸ்டைன் வந்தவர்கள் நோயாளர் 100 பேரில் மூன்று நான்கு பேர்தான். அதே 12ஆவது இடத்தில் வேறு மணி வந்தவர்களுக்கான மருந்துகள் இப்போது பரிசோதனையில் இருக்கின்றன.