பரண்மேல் கிடக்கும் பித்தளை தோட்டா: மருந்து போட்டு நிரப்பினால் கை போகும், 7 வருஷம் ஜெயிலும் நிச்சயம்!

சிவகிரி,

தென்காசி மாவட்டம் சிவகிரி தாலுகாவில் மேற்கு தொடர்ச்சி மலை அடிவாரத்தில் உள்ளது ராயகிரி. இந்த பக்கம் மலையை ஒட்டி தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு பொழுது சாய்ந்தாலே காட்டுப்பன்றி கவலைதான். கரும்பு, நெல், தென்னங்கன்று என்று எதையும் விட்டு வைப்பதில்லை. தகரத்தை தட்டி, பட்டாசு போட்டு சலித்துப் போனவர்களுக்கு தாத்தா காலத்து துப்பாக்கி ஞாபகம் வரத்தான் செய்யும். கூடவே பரண்மேல் டப்பாவில் நாலைந்து பித்தளை தோட்டா கூடு கிடக்கும். "இதுல மருந்த போட்டு அடைச்சா வெடிக்காதா?" என்று கேட்கவும் தோணும்.

வெடிக்கும். எந்த பக்கமாக வெடிக்கும் என்பதில்தான் சிக்கல்.

கூடு என்ன வேலை செய்கிறது?

சில்லு தோட்டாவில் இருப்பது ஐந்தே சாமான். கூடு, அடியில் கேப், அதற்கு மேலே மருந்து, அப்புறம் தக்கை, கடைசியாக ஈய சில்லு. இதில் கூட்டைத்தான் யாரும் பெரிசாக நினைப்பதில்லை. சுட்டதும் கூடு விரிந்து பீப்பாய் சுவரோடு ஒட்டிக் கொள்ளும். நெருப்பும் புகையும் சுடுகிறவர் முகத்துக்கு திரும்பாமல் தடுப்பது அதுதான். தோட்டா பித்தளை என்பது 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். நன்றாக இழுபடும். ஆனால் ஒவ்வொரு தடவை விரிந்து சுருங்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, ஒரு நாள் கீறல் விட்டுவிடும்.

குதிரை லாயத்தில் வந்த வினை

சுடாமல் சும்மா வைத்திருந்தாலும் பித்தளை கெடும். இதை உலகத்துக்கு காட்டியதே நம்ம நாட்டு மழைதான். வெள்ளைக்காரன் ராணுவம் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் தோட்டாக்களை வைத்திருந்தது. ஒரு தடவைகூட சுடாத தோட்டாக்களின் கூடு தன்னாலே விரிசல் விட்டது. சீசன் வந்தால் விரிசல் வருகிறது என்பதால் இதற்கு 'சீசன் கிராக்கிங்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். (நம்ம குற்றாலம் சீசன் மாதிரி சந்தோஷமான சீசன் அல்ல!)

1921-ம் ஆண்டு மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் காரணத்தை விளக்கினார்கள். அதாவது குதிரை மூத்திரத்தில் இருந்து கிளம்பும் அம்மோனியா, காற்றின் ஈரம், கூட்டை இழுத்து செய்யும்போது உள்ளே தங்கிப்போன இறுக்கம், இவை சேர்ந்தால் பித்தளை பிளக்கும். தயாரிக்கும்போதே கூட்டை பதமாக சூடாக்கி இறுக்கத்தை தளர்த்துவதுதான் இதற்கு வழி.

மாட்டுத் தொழுவிலும் அதே அம்மோனியா உண்டு. தொழுவை ஒட்டிய பரணில் பல வருஷம் கிடந்த கூடு பளபளவென்று இருந்தாலும் உள்ளே மயிரிழை கீறல் இருக்கலாம். கண்ணுக்கு தெரியாது.

மருந்து விஷயம் இன்னும் மோசம். சிவகாசி பக்கம்தானே, மருந்துக்கு என்ன பஞ்சம் என்று நினைத்துவிடக் கூடாது. பட்டாசு மருந்து மொத்தமும் ஒரே அடியாக வெடிப்பதற்காக செய்தது. துப்பாக்கிக்குள் போட்டால் பீப்பாயே கிழியும். போவது கட்டை விரலும் கண்ணும்தான்.

சட்டம் சொல்வது என்ன?

அமெரிக்காவில் பெரிய தோட்டாவின் பித்தளை கூட்டை அறுத்து, பாம்பு அடிக்க கைத்துப்பாக்கிக்கு சில்லு தோட்டா செய்வதெல்லாம் வீட்டு பொழுதுபோக்கு. அதற்கான கருவிகளை கடையிலேயே வாங்கலாம். இங்கே கதையே வேறு.

1959-ம் ஆண்டு ஆயுத சட்டம் 5-வது பிரிவின்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். காலி கூட்டை நிரப்புவதும் தயாரிப்புதான் என்று வழக்கு போட தாராளமாக இடம் இருக்கிறது. 2019-ம் ஆண்டு டிசம்பரில் வந்த திருத்தத்துக்கு பிறகு இதற்கு குறைந்தது 7 ஆண்டு ஜெயில், அதிகபட்சம் ஆயுள் தண்டனை. லைசென்ஸ் இல்லாமல் தோட்டா வைத்திருந்தாலே 2 முதல் 5 ஆண்டு.

அப்படியானால் காலி கூடு வைத்திருப்பதும் தப்பா? தோட்டாவின் பாகங்களும் தோட்டா கணக்கில்தான் வரும். அதேசமயம், மற்ற பாகங்களோடு சேர்த்து பயன்படுத்தும் எண்ணம் இல்லாத சின்ன பாகங்களுக்கு 45-வது பிரிவில் விலக்கு உண்டு. அலமாரியில் ஞாபகார்த்தமாக நிற்கும் கூட்டுக்கும், பக்கத்தில் கேப்பும் மருந்தும் சில்லும் வைத்திருக்கும் கூட்டுக்கும் வித்தியாசம் இதுதான். அதே கூடு, பக்கத்தில் இருக்கும் பொட்டலத்தால் வழக்காகிவிடும்.

பயிர் காவலுக்கு சட்டத்தில் வழியே இல்லை என்பதும் கிடையாது. வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு 13-வது பிரிவில் லைசென்ஸ் கேட்கலாம். அது போதாது என்று அதிகாரிக்கு தோன்றினால் வேறு சில்லு துப்பாக்கிக்கும் கொடுக்கலாம். லைசென்ஸ் 5 ஆண்டுக்கு செல்லும்.

ஆனால் லைசென்ஸ் இருந்தாலும் பன்றியை சுட முடியாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காட்டில் இருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியை சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்து காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம், அதுவும் வனத்துறையினர் மட்டுமே. மலையை ஒட்டி தோட்டம் வைத்திருப்பவர்கள் சேதத்தை போட்டோ எடுத்து வனத்துறையில் இழப்பீடு மனு கொடுக்க வேண்டியதுதான். அலைச்சல்தான், மறுப்பதற்கில்லை.

தாத்தா பெயரில் இருந்த லைசென்ஸ் பேரனுக்கு தானாக வராது. அப்படிப்பட்ட துப்பாக்கியோ தோட்டாவோ வீட்டில் இருந்தால் 21-வது பிரிவின்படி தாமதம் இல்லாமல் பக்கத்து போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத கடையிலோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும்போது ரசீது கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.