உயில் எழுதுமுன் கவனிக்க வேண்டியவை

நிலத்தை முன்னிட்டு உடன்பிறந்தார் நீதிமன்றம் ஏறுவது நமது தஞ்சைத் தரணியில் புதிதன்று. அதனைத் தவிர்க்க எண்ணியே பெரியோர் உயில் எழுதி வைக்கின்றனர். ஆயினும், தக்க யோசனை கேளாது தாமே எழுதிய உயில் புதிய வழக்கு ஒன்றை விளைவித்துவிடுவதும் உண்டு. ஆகையால் நமது சங்க அங்கத்தினர்களுக்கு இதுபற்றிச் சில கூற விழைகின்றோம்.

உயில் எழுதுவதைச் சட்டம் கடினமாக்கவில்லை. முத்திரைத்தாள் வேண்டுவதில்லை, வெள்ளைத்தாளே போதும். பதிவும் கட்டாயமன்று. எழுதுபவர் கையொப்பமிட, குறைந்தது இரு சாட்சிகள் அதனைக் கண்டு, அவர் முன்னிலையில் தாமும் கையொப்பமிட வேண்டுமென்று 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் விதிக்கின்றது. இந்த எளிமையே பலரை ஏமாற்றிவிடுகின்றது. வாசகத்தை எழுதிக் கொடுத்த பத்திர எழுத்தரின் கையொப்பம் தானாகவே சாட்சிக் கையொப்பம் ஆகிவிடாது. பின்னாளில் ஒரு வரியை அடித்துத் திருத்தினாலும் அத்திருத்தத்திற்கு மீண்டும் கையொப்பமும் சாட்சிகளும் வேண்டும். வழக்கு வந்தால், சாட்சிகளுள் ஒருவரேனும் உயிருடனிருப்பின் அவரை நீதிமன்றத்தில் விசாரித்தாக வேண்டும்; எனவே தம்மினும் மூத்தவர்களையே சாட்சிகளாக வைத்துக்கொள்வது நன்றன்று. உயிலால் பெரும்பயன் அடைபவரே அதனை எழுதுவிப்பதில் முன்னின்றால், நீதிமன்றம் அதனை ஐயத்துடன் நோக்கும் என்பதை உச்ச நீதிமன்றம் 1958-இல் தெளிவாக்கியுள்ளது.

வாசகத்தில் உள்ள இடர் இதனினும் பெரிது. கோயமுத்தூர் சப் கோர்ட்டில் தொடங்கிய ஒரு வழக்கை இங்குக் காட்டலாம். பாட்டனார் தம் சொத்தை உயில்வழி மக்களுக்கு எழுதி வைத்தார். விற்கவும் தானம் செய்யவும் முழு உரிமை அளித்த அதே உயிலில், மகன் பேரன் என வழிவழியாக அனுபவிக்கவேண்டும் என்னும் சொற்களும் இருந்தன. பேரன், இது பூர்வீகச் சொத்தே என்று தந்தைமீதே வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் அதனை ஏற்றன. உச்ச நீதிமன்றமோ, கொடுத்தவர் கருத்தை உயிலின் வாசகத்திலிருந்தே அறிய வேண்டுமெனக் கூறி, தந்தைக்கே முழு உரிமை என்று 1953-இல் தீர்ப்பளித்தது. வழக்கமாக எழுதும் ஒரு தொடர் தந்தையையும் மகனையும் டில்லி வரை இழுத்துச் சென்றது.

மூன்றாவதாக, தமக்கு உரியதல்லாததை எழுதுவோர் உளர். இந்துக் குடும்பங்களில் பூர்வீக நிலத்தில் ஒருவர் தம் பங்கை மட்டுமே உயிலால் கொடுக்க இயலும். அந்நிலத்தில் 1989-இல் தமிழக அரசின் சட்டமும், 2005-இல் மத்திய அரசின் சட்டமும் பெண்மக்களுக்கும் பிறப்பால் பங்கு அளித்துள்ளன. முஸ்லிம் அன்பர்கள், வாரிசுகளின் இசைவின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத இயலாது. கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர், அந்நிலத்தைத் தம்முடையதென்று எழுதவும் இயலாது.

நிலத்தின் அடையாளமும் திருத்தமாக இருத்தல் வேண்டும். 'வாய்க்காலுக்கு மேற்கே மூன்று மா' என்பது ஊராருக்கு விளங்கும். பட்டாவிலோ சர்வே எண்ணும் உட்பிரிவும் ஹெக்டேர் கணக்குமே காணப்படும். இரண்டும் பொருந்தாவிடில் பாகத்தகராறு எழும்.

நெசவாளர் சங்கத்திலும் கடன் சங்கத்திலும் நாம் குறிக்கும் நியமனதாரரைப் பற்றியும் ஒரு சொல். கூட்டுறவுச் சங்கம் அவர் பெயருக்கே பங்கை மாற்ற வேண்டும். ஆயினும் வாரிசுகள் தம் உரிமையை வழக்கிட்டுப் பெறத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் கூறியது. நியமனம் உயிலாகாது; இரண்டும் முரணாமல் பார்த்துக்கொள்க.

இவற்றையெல்லாம் ஒரு வக்கீல் சிறிது நேரத்தில் சரிபார்த்துவிடுவார். கட்டணம் இயலாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ வட்டக் குழுவையோ அணுகலாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச உதவி உண்டு. பின்னர் உயிலைப் பதிவு செய்துவிடுதல் நலம். அதற்குக் காலக்கெடு இல்லை.

நாற்றங்காலிடுமுன் விதையை ஆராயும் நம் உழவரும், தறியில் ஏற்றுமுன் பாவின் இழைகளைச் சரிபார்க்கும் நம் நெசவாளரும், வாழ்நாள் உழைப்பைத் தாங்கும் இந்த ஏட்டையும் அவ்வாறே ஆராய்ந்து எழுதிட வேண்டுகின்றோம்.