கேட்கத்தக்க சான்றும் கேட்கத்தகாத சான்றும்

குற்ற வழக்கில் ஒரு சான்று முன்வைக்கப்படும்போது நீதிபதி எழுப்பும் முதல் வினா ‘இது உண்மையா?’ என்பதன்று, ‘இதனை நான் கேட்கலாமா?’ என்பதே. முன்னது சான்றின் மதிப்பைப் பற்றியது. பின்னது அதன் ஏற்புடைமையைப் பற்றியது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் பலர். ‘குற்றத்தை அவனே ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்ததே, பின் எவ்வாறு விடுதலையானான்?’ என்னும் வியப்பு இம்மயக்கத்தின் விளைவேயாகும்.

காவல்துறை அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்கலாகாது என விதித்தது, 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியமும் தன் 23ஆம் பிரிவில் அவ்விதியைப் பேணியுள்ளது. அவ்வாக்குமூலம் பொய்யென்று சட்டம் முடிவு செய்துவிடவில்லை. அது மெய்யாகவும் இருக்கலாம். ஆயினும், பூட்டிய அறையினுள் அது எவ்வாறு பெறப்பட்டது என்பதை அறிய நீதிபதிக்கு வழியில்லை. அதனை ஏற்கும் வழக்கம் நிலைபெற்றால் துப்பறிதல் தளரும், துன்புறுத்தல் வளரும்.

இவ்விதிக்கு ஒரு விலக்கு உண்டு. காவலில் இருப்பவர் தந்த தகவலால் ஓர் உண்மை வெளிப்பட்டால், அதனோடு நேரடித் தொடர்புடைய பகுதியை மட்டும் ஏற்கலாம். இதன் எல்லையை வரையறுத்தது, சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடாகச் சென்ற புலுக்குரி கோட்டய்யா வழக்கு. 1946 டிசம்பரில் இலண்டன் பிரிவி கவுன்சில் அதில் தீர்ப்பளித்தது. வீட்டுக் கூரையில் மறைத்த கத்தியை எடுத்துத் தருவதாக ஒருவர் கூற, கத்தியும் கிடைக்கிறது எனக் கொள்வோம். கத்தி அங்கிருப்பதை அவர் அறிந்திருந்தார் என்பதற்கு அக்கூற்று சான்றாகும். ‘அதனால் இன்னாரைக் குத்தினேன்’ என அவர் தொடர்ந்து கூறியிருப்பின், அச்சொற்களை நீதிபதி விலக்கிவிட வேண்டும். குத்தியதை வேறு சான்றால்தான் மெய்ப்பிக்க வேண்டும்.

தாமாகவே ஒப்புக்கொள்ள விரும்புபவர் செல்ல வேண்டிய இடம் நீதித்துறை நடுவர் மன்றமாகும். ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை என்பதையும், கூறினால் அது அவருக்கு எதிராகவே பயன்படலாம் என்பதையும் நடுவர் முன்னரே விளக்க வேண்டும். அவர் தம் விருப்பத்தின்பேரில்தான் பேசுகிறார் என வினவித் தெளிந்த பின்னரே பதிவு செய்ய வேண்டும். பதிவுக்கு முன் அவர் மனம் மாறி மறுத்தால், அவரை மீண்டும் போலீஸ் காவலுக்கு அனுப்ப நடுவர் அனுமதிக்கலாகாது.

இக்காப்பு எல்லாக் காலத்தும் எல்லோருக்கும் கிட்டியதன்று. 1987ஆம் ஆண்டின் தடாச் சட்டமும் 2002ஆம் ஆண்டின் பொடாச் சட்டமும், காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி பதிவு செய்த வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்க இடமளித்தன. தடா 1995இல் காலாவதியாயிற்று. பொடா 2004இல் நீக்கப்பட்டது. எனினும், மகாராஷ்டிரத்தின் 1999ஆம் ஆண்டுத் திட்டமிட்ட குற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் அத்தகைய ஏற்பாடு இன்றும் உள்ளது.

ஆகவே, ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்னும் செய்தியைப் படிக்கும்போது, யாரிடம், எந்நிலையில் ஒப்புக்கொண்டார் என்று கேட்பது அறிவுடையோர் கடமையாகும். நீதிபதி தீர்ப்பெழுதுமுன் கேட்கும் இவ்வினாவை, நாம் ஒருவரைக் குற்றவாளி எனக் கூறுமுன் கேட்டல் வேண்டும்.